பெரியப்பாவின் இரண்டு விரல்

“இடியன் துவக்குடன் ஒருவர் கைது.” வன்னிப் பக்கச் செய்திகளில் இந்தத் தலைப்பை நீங்களும் எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான். போன லீவில மல்லாவிக்குப் போனபோதுதான் அந்தச் செய்தி எங்கட வீட்டுக்குள்ளேயே இருந்தது தெரிஞ்சது.

பெரியப்பாவுக்கு இடது கையில இரண்டு விரல் இல்லை. சூடடிக்கிற மெசின்ல பட்டது என்றுதான் சின்னனில இருந்து எங்களுக்குச் சொல்லியிருந்தவை. அன்றைக்குப் பேப்பரை வாசிச்சிட்டு, “ஏன் பெரியப்பா சனம் இதை இன்னும் வச்சிருக்குதுகள்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கையை நீட்டினார். “இது மெசின் இல்லையடா தம்பி.”

அப்பப்பாவிட்ட லைசன்ஸோட பன்னிரண்டு போர் துவக்கு ஒன்று இருந்ததாம். இடப்பெயர்வோட அது போயிட்டுது. திரும்பி வந்து கச்சான் போட்டால், ராத்திரியில பண்டி கிண்டிப்போட்டுப் போகுது. பக்டரித் துவக்கு வாங்கக் கனக்கக் காசு வேணும். 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேணும், அதை வருசா வருசம் புதுப்பிக்கவும் வேணும். ஏதோவொரு பட்டறையில செய்த இடியனுக்கு இதொன்றும் இல்லை. விலையும் கைக்கு எட்டுது. வாங்கினார். மூன்றாம் நாள் ராத்திரி குழல் வெடிச்சிட்டுது.

கம்பஸுக்குத் திரும்பி வந்து இதைப் பற்றித் தேடி வாசித்தேன். லண்டனில் 1814இல் தொடங்கிய பர்டி கம்பனி, வாங்குகிற ஆளின் உடம்புக்கு அளவெடுத்துத் துவக்குச் செய்கிறது. அந்த ஒன்றின் காசுக்கு எங்கட பக்கம் நல்ல வீடே கட்டலாம். அங்கே கைவேலைத் துவக்கு வசதியானவனுக்கு. மல்லாவியில வழியில்லாதவனுக்கு.

கை செய்ததா, மெசின் செய்ததா என்பதில்லை பிரச்சினை. இங்கிலாந்தில் துவக்கு விற்க முதல் அதைச் சோதிக்க வேண்டும். பேர்மிங்ஹாமில் அதற்கென்றே ஒரு நிலையம், 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. வழமையைவிடக் கூடின அழுத்தத்தில் வெடிக்க வைத்துப் பார்ப்பார்கள். குழல் தாங்கினால்தான் முத்திரை. பர்டிக்கும் அதுதான், பக்டரித் துவக்குக்கும் அதுதான். இடியனுக்கும் சோதனை இருக்கு. அது வாங்கினவன்ர கன்னத்துக்குப் பக்கத்தில நடக்குது.

“செய்தவனிட்டப் போய்க் கேக்கேல்லையோ?” என்று கேட்டிருந்தேன்.

“என்னெண்டு கேக்கிறது? ஆஸ்பத்திரியிலயே மெசின் எண்டுதானே சொன்னனான்.”

இலக்கமில்லை, பற்றுச்சீட்டில்லை, செய்தவன்ர பெயரில்லை. மலிவு என்று நாங்கள் சொல்லுறதுக்குள்ள இந்த ஊமைத்தனமும் அடக்கம். விரல் போனாலும் வாய் திறக்கேலாது.

பெரியப்பா இப்ப தகரம் தட்டித்தான் காவல். கச்சானில ஒரு பங்கு இன்னும் பண்டிக்குத்தான். “பிழை என்ரதான்” என்கிறார். பிழைதான். ஆனால் முத்திரை குத்தின துவக்கும் லைசன்ஸும் எட்டாத தூரத்தில இருக்கும் வரைக்கும், எங்கேயோ ஒரு பட்டறையில குழாய் அறுபட்டுக்கொண்டுதான் இருக்கும்.