உண்ணிக்கு ஒரு பட்ஜெட்

நாய் வளர்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. மாதம் பிறந்ததும் மளிகைக் கணக்கோடு நாயின் கணக்கையும் எழுதி வைக்கிறவர்கள் ஒரு ரகம். "வாயில்லா ஜீவனுக்கு என்ன பெரிய செலவு? மிச்சம் மீதியைப் போட்டால் வளர்ந்துவிட்டுப் போகிறது!" என்பவர்கள் இன்னொரு ரகம். கூடத்துச் சுவரில் உண்ணி ஒன்று சாவகாசமாக மேலே ஏறிப் போவதைக் கண்ட அன்றைக்கு, இந்த இரண்டாவது ரகத்தாரும் பென்சிலைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டுச் சிங்காரம் கலப்படமற்ற தெரு ஜாதி. மூன்று வருஷத்துக்கு முன், ஒரு மழை நாளில், மாடிப்படிக்கு அடியில் தானாகவே குடியேறினான். காதுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணி, கொத்துமல்லி விதையைக் கொட்டினாற் போல ஒட்டிக்கொண்டிருந்தது. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். என் நான்கு வயது மகள், "அம்மா, அவனுக்கு அழத் தெரியலை" என்றாள். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஆட்டோ பிடித்து வேப்பேரிக்குப் போனோம். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது.

டாக்டர் அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. "பாருங்கம்மா, உண்ணி இரத்தத்தைக் குடித்தது போதாதென்று கிருமியையும் உள்ளே விட்டிருக்கிறது. இது உண்ணிக் காய்ச்சல்" என்றார். இரத்தப் பரிசோதனை, டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், சத்து டானிக் எல்லாமாகச் சேர்ந்து, புடவைக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பணம் கரைந்தது. சிங்காரம் பிழைத்தான். கிளம்பும்போது டாக்டர் சொன்ன வார்த்தை மட்டும் மனத்தில் நின்றது: "வைத்தியத்துக்கு ஆகிற பணத்தில் தடுப்பு எத்தனையோ நாளைக்கு வரும், அம்மா."

சரி, எதை வாங்குவது? கேட்டால் சொல்லத் தெருவே திரண்டுவிட்டது!

எதிர் வீட்டு மாமி மண்ணெண்ணெயில் ஆரம்பித்தாள். "எங்கள் காலத்திலே நாய்க்கு மாத்திரையா, மருந்தா? துணியிலே தொட்டு ஒரு தேய்ப்பு! அவ்வளவுதான்." இன்னொருவர் பாச்சை உருண்டையைப் படுக்கையில் போடச் சொன்னார். மூன்றாமவர் சோற்றில் பூண்டு. நாயின் சுபாவத்தை நினைத்துப் பார்த்தால் இவற்றின் ஆபத்து விளங்கிவிடும். மேலே எதைத் தடவினாலும் அது நக்கும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே உலை. பாச்சை உருண்டையும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. உண்ணியால் ஏற்கெனவே இரத்தம் குறைந்து கிடக்கிற பிராணிக்கு இதையா கொடுப்பது?

மாமியின் முறை செலவில்லாதது என்றால், அடுத்த தெருக்காரர் ஒருவர் கண்ட முறை மலிவானது. மாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் மருந்தை யாரோ சொன்னார்கள் என்று வாங்கித் தம் கோலி ஜாதி நாய்க்குக் கொடுத்தார். அன்றிரவே அது தள்ளாடி விழுந்தது. கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரி வாசம். நல்ல வேளை, உயிர் தப்பியது.

ஐவர்மெக்டின் ஒன்றும் கெட்ட மருந்து அல்ல. ஜப்பானில் ஸதோஷி ஓமுரா எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்த நுண்ணுயிரில் பிறந்தது அது. அவருக்கும் வில்லியம் காம்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. ஆனால் கோலி போன்ற சில ஜாதி நாய்களில் பலவற்றுக்கு, மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் காவல் பிறவியிலேயே பழுதாகியிருக்கிறது. அதோடு மாட்டின் அளவு நாயின் அளவாகுமா? மருந்து ஒன்றுதான், துளிக் கணக்கில் அமிர்தம், மிஞ்சினால் விஷம்.

பூனையும் சேர்ந்து வளரும் வீடானால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பெர்மெத்ரின் என்ற மருந்தை நாய் தாங்கும், பூனை தாங்காது. நாயின் முதுகில் விட்டது பூனை மேல் பட்டாலே வலிப்புக் காணலாம்.

இப்போது கடைக்குப் போவோம். கழுத்துப் புறத்தில் தோலின் மேல் விடுகிற சொட்டு மருந்துகள் உண்டு. ஃபிப்ரோனில் அவற்றில் ஒன்று. சொட்டு விடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டாமல் இருக்க வேண்டும். அடுத்து, தின்னக் கொடுக்கும் மாத்திரைகள். அஃபாக்ஸொலேனர் ஒரு மாதம் காக்கும். ஃப்ளூரலேனர் 12 வாரம். நாய் நக்கிவிடுமே, குழந்தை தொட்டுவிடுமே என்ற கவலை மாத்திரையில் இல்லை. ஆனால் இந்த வகையால் சில நாய்களுக்கு வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்தது. ஆகவே, உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

விலைச் சீட்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். வாரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு மாத்திரை 600 ரூபாய், நான்கு வாரத்துக்கு. மற்றொன்று 1,500 ரூபாய், பன்னிரண்டு வாரத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். முன்னது வாரம் 150, பின்னது 125. விலை கூடியது போலத் தோன்றுவதே கணக்கில் குறைந்துவிடுகிறது! பெரிய நாயின் மாத்திரையை வாங்கி இரண்டாகப் பிளந்தால் லாபம்தானே என்று நினைக்காதீர்கள். மருந்து இரு பாதியிலும் சமமாக இருக்குமென்று நிச்சயமில்லை. நாயின் எடைக்கு உள்ளதையே வாங்க வேண்டும். எடை பார்ப்பது சுலபம். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நில்லுங்கள். பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். (உங்கள் எடையை வேறு யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை!)

காசே ஆகாத தடுப்பு ஒன்றும் உண்டு. பழுப்பு நிற நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் செய்கிற ஜாதி. பெண் உண்ணி வயிறு நிறையக் குடித்ததும் நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பல மாதம் பட்டினி கிடக்கவும் அதற்குத் தெரியும். ஆகவே விரிசல்களை அடைக்க வேண்டும். நாயின் விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்க வேண்டும். உண்ணியைப் பிடுங்கும்போது சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய சீசாவில் போட்டு மூடிவிடுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் உண்ணியை விட எனக்குப் பெரிதாகப் பட்டது குடற்புழுதான். நாயின் உருண்டைப் புழு முட்டை மண் வழியே குழந்தையின் வாய்க்குப் போனால், சில சமயம் கண்ணையே கெடுத்துவிடும். கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலிலேயே துளைத்து ஏறும். இதற்குரிய மாத்திரையோ விலை குறைந்தது. குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை; இரண்டு மாதமான பின் ஆறு மாதம் வரை மாதாமாதம்; பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது பொது வழக்கம். நாடாப்புழுவின் ஒரு வகையைச் சுமந்து வருவது தெள்ளுப்பூச்சி. தெள்ளு ஒழிந்தால் அந்தப் புழுவும் ஒழியும். நாயின் கழிவை அன்றன்றே அகற்றுவதும், விளையாடிய குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் நம் பொறுப்பு.

பையில் பணம் சுருக்கமாக இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் விசாரிக்கலாம். கடைக்காரரின் யோசனையை விட அங்கிருக்கும் டாக்டரின் யோசனை நிச்சயம் மலிவு.

சிங்காரத்துக்கு நாங்கள் தேர்ந்தது பன்னிரண்டு வார மாத்திரை. வருஷத்துக்கு நான்கு, சில வருஷம் ஐந்து. பூச்சி மாத்திரைக்கும் அதை ஒட்டியே ஒரு நாள். நாட்காட்டியில் அந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுவது என் மகளின் உத்தியோகம். சம்பளம், அன்றைக்கு மாத்திரையை அவள் கையாலேயே கொடுக்கிற உரிமை. சிங்காரம் அதைத் தின்பண்டமென்று நம்பி வாலை ஆட்டுகிறான். நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை.