யாருடைய கோப்பு?



தொழினுட்பப் பாடம் படிப்பிக்கிற நாங்கள் இரண்டு பேரும் போன கிழமை ஒரு பிழை விட்டோம். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயும் எழுதுகிறோம்.

ஆறு பிள்ளைகள் ஃப்ரீகேட் மென்பொருளில் ஆளுக்கொரு புத்தக அலுமாரி வரைந்திருந்தார்கள். முப்பரிமாண அச்சில் மாதிரி எடுப்பதற்கு எல்லாவற்றையும் பத்தில் ஒன்றாகச் சிறிதாக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்யப் பஞ்சிப்பட்டு, பைதனில் ஒரு மெக்ரோ எழுதினோம்: திறந்திருக்கும் கோப்புகளை வரிசையாக எடு, பலகைகளின் அளவையும் அவை நிற்கும் இடத்தையும் பத்தால் வகு, சேமி.

ஓடவிட்டோம். ஐந்து அலுமாரிகள் அப்படியே இருந்தன. ஆறாவதைத் திரையில் காணவே இல்லை.

"மகள், எதையாவது அழிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டோம். பிள்ளையின் முகம் வாடிப்போனது. மூன்று கிழமை வேலை அது.

பிழை எங்களுடையது. மெக்ரோ ஆறு முறை சுற்றியது சரி. ஆனால் சுற்றுக்குள்ளே 'ஆக்டிவ் டொக்கியுமென்ட்' என்று எழுதியிருந்தோம். இப்போது திரையில் முன்னால் நிற்கும் கோப்பு என்பதே அதன் பொருள். பெயர்ப்பட்டியலைச் சுற்றி வருவதால் மட்டும் அது மாறாது. எனவே அந்தப் பிள்ளையின் அலுமாரியே ஆறு முறையும் வகுபட்டு, 900 மில்லிமீற்றர் அகலம் 0.0009 ஆகிவிட்டது. ஃப்ரீகேட் வழமையாக முந்திய சேமிப்பின் பிரதி ஒன்றை வைத்திருக்கும். ஆறு முறை சேமித்ததால் அந்தப் பிரதியும் சிறுத்துப்போயிருந்தது.

வழி சொன்னதும் அதே பிள்ளைதான். "சேர், பத்து இலட்சத்தால பெருக்கினா வராதா?"

வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது சுற்று எடுத்துத் தரும் கோப்பை 'டொக்' என்ற மாறியில் பிடித்துக்கொள்கிறோம். அளவு மாற்றுவதும் சேமிப்பதும் அந்த 'டொக்' வழியாக மட்டுமே. ஒவ்வொரு சுற்றிலும் கோப்பின் பெயரை முதலில் திரையில் காட்டச் செய்திருக்கிறோம். பிரதிகளை வேறு கோப்புறையில் எடுத்துவைத்த பிறகுதான் ஓடவிடுகிறோம்.

சுட்டெண்ணைப் பார்க்காமல், மேலே கிடக்கும் ஒரே விடைத்தாளில் எல்லோருடைய புள்ளியையும் போட்டால் எப்படி இருக்கும்? நாங்கள் செய்தது அதுதான். பிள்ளையைக் கேட்க முன்னர் நாங்கள் எழுதிய வரியைப் பார்த்திருக்க வேண்டும்.