ஒரு வரி வேலை

2017 ஜூன் முதல் வாரம். புனேயின் ஹிஞ்சவடியில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன 22 வயதுப் பெண்ணுக்கு வந்த உத்தரவு ஒரே வரிதான்: 'பில்லில் ஜி.எஸ்.டி. சேர்க்கவும்.' மொத்த வியாபாரிகள் பயன்படுத்தும் பில்லிங் புரோகிராம் அது. ஜூலை 1ஆம் தேதி புது வரி அமலாகிறது. அன்று பில் வராவிட்டால் கடைகளில் வியாபாரம் நிற்கும். அவரது புரொபேஷன் முடியவும் ஒரு மாதம்தான் பாக்கி.

"எத்தனை நாள் ஆகும்?" என்றார் டீம் லீடர். "ஒரு வாரம்" என்றார் அந்தப் பெண். அது கணக்குப் போட்டுச் சொன்ன பதில் அல்ல. பயத்தில் வந்த பதில்.

பிறகு நடந்தது, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த பலருக்கும் பழக்கமான கதை. காலை மீட்டிங்கில் "90 சதவீதம் முடிந்துவிட்டது" என்பார். மறுநாளும் அதே 90. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைந்தது. அரைகுறையாகக் காட்டினால் திறமையில்லை என்று நினைப்பார்களோ என்ற அச்சத்தில் யாரிடமும் காட்டவில்லை. நாசிக்கிலிருந்து அம்மா போன் செய்தால் "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுவார்.

பத்தாம் நாள், புரோகிராமில் 3,000 வரிகள் மாறியிருந்தன. ஆனால் அது ஓடவில்லை. சரிபார்க்க வந்த சீனியர் பத்து நிமிடம் பார்த்தார். திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "உனக்கு எதெல்லாம் தெரியாதோ, அதையெல்லாம் எழுது."

திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனாலும் எழுதினார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலம் என்றால் வரி மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. வெளி மாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. மட்டும். அது தெரியும். வாங்குபவரின் மாநிலம் புரோகிராமில் எங்கே இருக்கிறது? தெரியாது. ஜூனில் விற்ற சரக்கு ஜூலையில் திரும்பி வந்தால் எந்த வரி? தெரியாது. 5, 12, 18, 28 என்ற விகிதங்கள் நாளை மாறினால்? தெரியாது. மொத்தம் ஏழு கேள்விகள். மூன்றுக்குக் கணக்குப் பிரிவில் அரை மணி நேரத்தில் பதில் கிடைத்தது.

மீதிக் கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வேலையாயின. சீனியர் விதித்த நிபந்தனைகள் இரண்டு: ஒவ்வொன்றும் ஒரே நாளில் முடிய வேண்டும்; முடிந்த பிறகு பழைய புரோகிராம் வழக்கம்போல் ஓட வேண்டும்.

முதல் வேலை, வாடிக்கையாளர் முகவரியிலிருந்து மாநிலத்தைத் தனியாகப் பிரிப்பது. வெறும் 40 வரி. இதையா காட்டுவது என்று கூச்சம். சீனியர் ஐந்து நிமிடத்தில் படித்து ஒரு தவறைப் பிடித்தார். சில முகவரிகளில் 'ஒரிசா', சிலவற்றில் 'ஒடிசா'. இரண்டையும் வேறு வேறு மாநிலமாக எண்ணி, புவனேஸ்வரத்துக்குள் நடக்கும் விற்பனைக்கே வெளி மாநில வரி போட்டிருக்கும் புரோகிராம். 3,000 வரிகளுக்குள் இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அடுத்து விகிதங்களுக்கென்று தனி அட்டவணை. பிறகு வரிக் கணக்கு. பிறகு அச்சடிப்பது. ஜூன் 22ஆம் தேதி மீட்டிங்கில் அந்தப் பெண் சொன்னார்: "பில் தயாராகிவிடும். ஆனால் திரும்பி வரும் சரக்குக்கான பகுதி ஜூலை 1க்குள் முடியாது." யாரும் கோபப்படவில்லை. ஒன்பது நாள் அவகாசம் இருந்ததால், முதல் சில வாரங்களுக்கு அதை மட்டும் கையால் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. '90 சதவீதம்' என்பதைவிட 'இது முடியாது' என்பது நம்பகமான பதிலாக இருந்தது.

வேலைகளின் வரிசைப்படி புரோகிராமைப் பிரிக்காதீர்கள், மாறக்கூடியதைத் தனியே மறைத்து வையுங்கள் என்று டேவிட் பார்னஸ் 1972லேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டிருந்தார். அந்தப் பெண் அதைப் படித்ததில்லை. ஆனால் 2017 நவம்பரில் 178 வகைப் பொருட்களின் வரி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, மாற்ற வேண்டியிருந்தது அந்த அட்டவணை மட்டுமே. 2025 செப்டம்பர் 22இல் பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்ற இரு விகிதங்களுக்குள் வந்தபோதும் அப்படியே.

அந்த மாற்றத்தைச் செய்தவர் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர். எத்தனை நாள் ஆகும் என்று இப்போது கேட்டது அந்தப் பெண். "ஒரு வாரம்" என்றார் இளைஞர், சற்றும் யோசிக்காமல். அவர் மேஜை மீது ஒரு வெள்ளைத் தாளை வைத்தார் அந்தப் பெண். அரை நாளில் வேலை முடிந்தது.