ஈடு என்னும் சொல்

இழப்பீடு என்னும் சொல்லைப் பிரித்தால் இழப்பு, ஈடு என இரண்டாகும். ஈடு என்றால் ஒப்பு. அடமானத்துக்கும் அதுவே பெயர். திருவாய்மொழிக்கு நம்பிள்ளை அருளிய பேருரையும் ஈடு என்றே வழங்குகிறது. ஒன்றுக்கு ஒப்பாக இன்னொன்றை வைப்பது என்னும் பொருள் இவை எல்லாவற்றின் அடியிலும் ஓடுகிறது. இழந்த கைக்கு எதை ஒப்பாக வைப்பது? அகராதியோடு நின்றிருக்க வேண்டிய இக்கேள்வி, 2010ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக் கேள்வியாயிற்று.

சாலை விபத்தும் நீதியும் என்றவுடன் தமிழ் படித்த எவருக்கும் மனுநீதிச் சோழனே நினைவில் எழுவான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலும் அவனுக்குச் சிலை உண்டு. சேக்கிழார் சொல்லும் கதையில் தேரை ஓட்டியவன் மகன். பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்பவன் தந்தை. ஆனால் மகனைத் தேர்க்காலில் இட்டதனால் பசுவுக்குக் கிடைத்தது என்ன? கன்று மீண்டது இறைவனின் அருளால். அரசனின் தீர்ப்பால் அன்று. தண்டிப்பது வேறு, ஈடு செய்வது வேறு. இன்றைய சட்டம் இவ்விரண்டையும் இரண்டு மன்றங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஓட்டுநரைத் தண்டிப்பதா என்பதைக் குற்றவியல் நீதிமன்றம் பார்க்கும். பசுவின் பக்கம் நின்று பார்ப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வேலை.

எங்கள் அன்னைக்கு அப்போது வயது 52. கடைத்தெருவிலிருந்து திரும்புகையில் சரக்கு வேன் ஒன்று மோதி, வலக்கை முழங்கையிலும் மணிக்கட்டிலும் முறிந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னும் கை முழுதாக மடங்கவில்லை. விரல்கள் ஒரு செம்பைக்கூட இறுகப் பற்ற மறுத்தன. உடன்பிறந்தோராகிய நாங்கள் மூவரும் தீர்ப்பாயத்தின் நடைக்கூடத்தில் கழித்த பொழுதுகளில்தான் இந்தச் சட்டத்தைச் சிறுகச் சிறுகக் கற்றோம்.

முதற்கேள்வி, பொறுப்பு யாருடையது என்பது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்பவர், ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. நடந்திருக்கவே கூடும் என்று நம்பத்தக்க அளவுக்குச் சான்று இருந்தால் போதும். ஓட்டுநர் செய்த பிழைக்கு, அவரை வேலைக்கு வைத்த உரிமையாளரும் பொறுப்பாவார். உரிமையாளர் செலுத்த வேண்டியதைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். மனுநீதியின் தந்தைப் பொறுப்பு ஒருவகையில் இங்கும் தொடர்கிறது என்று எங்களுக்குத் தோன்றிற்று.

அன்னை இருபுறமும் பாராமல் சாலையைக் கடந்தார் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அடிபட்டவர் மீதும் பிழை உண்டென்று தீர்ப்பாயம் கருதினால், அவர் பங்கு எத்தனை விழுக்காடோ அத்தனையும் தொகையிலிருந்து கழிக்கப்படும். எங்களைக் காத்தவை முதல் தகவல் அறிக்கையும், காவலர் வரைந்த சம்பவ இட வரைபடமுமே. வேன் சாலையின் தவறான பக்கத்தில் வந்ததை அந்தக் கோணல்மாணலான கோட்டுப்படம் ஐயமறச் சொல்லிற்று.

இரண்டாம் கேள்வி, எவ்வளவு என்பது. மருத்துவர் 40 விழுக்காடு ஊனம் எனச் சான்றளித்தார். அது கையைப் பற்றிய கணக்கு. வாழ்வைப் பற்றிய கணக்கு வேறு. இவ்வேறுபாட்டை உச்சநீதிமன்றம் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் தெளிவாக விளக்கியது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருப்பின் ஈட்டும் திறனில் ஏறத்தாழ முழுவதையும் இழக்கிறார். அரசு அலுவலக எழுத்தருக்கோ வேலையே போகாமலிருக்கலாம். எனவே உறுப்பின் விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அவர் என்ன தொழில் செய்தார், இனி எதைச் செய்ய இயலும் என்று கேட்க வேண்டும்.

அன்னையின் தொழில் என்ன? மருத்துவமனைப் பதிவில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த 'இல்லை'க்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. 1994இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அட்டவணை, வருமானமற்ற துணைவரின் மதிப்பைப் பொருளீட்டும் துணைவரின் வருமானத்தில் மூன்றிலொரு பங்காகக் கொள்ளச் சொன்னது. 1989இல் ஜம்ஷெட்பூரில் நேர்ந்த தீவிபத்து வழக்கில், 2001இல் உச்சநீதிமன்றம் இல்லத்தரசியரின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என மதித்தது. 2009இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இப்பொருள் குறித்து விரிவான தீர்ப்பொன்றை எழுதினார். பின்னாளில் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவரே என்பதில் நம்மைப் போன்ற வாசகர்களுக்கு வியப்பிராது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசியரைப் பிச்சையெடுப்போரோடும் கைதிகளோடும் சேர்த்து உழைக்காதோர் பட்டியலில் வைத்திருந்ததைக் கடிந்துரைத்தது.

இவ்வளவு தீர்ப்புகளும் நூலில் இருக்க, சாட்சிக் கூண்டில் அன்னை தனியாக நின்றார். காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் மரியாதையாகவே கேட்டார்.

"நீங்கள் எந்த வேலைக்கும் போகவில்லை, சரிதானே அம்மா?"

"சரிதான்."

"வருமானம் எதுவும் கிடையாது?"

"கிடையாதுங்க."

பின்னர் எங்கள் வழக்கறிஞர் எழுந்து, காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"நாலரைக்கு. வாசல் தெளிச்சுக் கோலம் போடுவேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிப் பால் கறப்பேன். இட்லிக்கு ஆட்டுறது, பேத்திக்குத் தலை பின்னி விடுறது, மாமியாரைக் குளிப்பாட்டி விடுறது…" சொல்லிக்கொண்டே போனவரை நீதிபதி நிறுத்தி, "இப்போது மாட்டை யார் கறக்கிறார்கள்?" என்றார்.

"வித்துட்டோமுங்க ஐயா."

தட்டச்சு ஒலி ஒரு கணம் நின்று மீண்டும் தொடங்கிற்று.

2013இல் தீர்ப்பு வந்தது. மாத மதிப்பு 6,000 ரூபாய். உச்சநீதிமன்றம் 2009இல் வகுத்த பெருக்கெண் அட்டவணைப்படி 51 முதல் 55 வயது வரை பெருக்கெண் 11. முழு உடலுக்கான செயலிழப்பைத் தீர்ப்பாயம் 25 விழுக்காடாகக் கொண்டது. ஆக, ஆண்டுக்கு 72,000. பதினொரு மடங்கில் 7,92,000. அதில் கால்பங்கு 1,98,000 ரூபாய். மருத்துவச் செலவு, உடனிருந்து கவனித்தவர் செலவு, ஊட்ட உணவு, போக்குவரத்து, வலியும் வேதனையும் ஆகியவை தனித்தனித் தலைப்புகளில் சேர்ந்தன. மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. 

அதன்பின் காலம் மாறியிருக்கிறது. 2021இல் உச்சநீதிமன்றம், பெண்கள் ஊதியமில்லா வீட்டுப்பணியில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டியதை எடுத்துக்காட்டி, அவ்வுழைப்பைக் குறைத்து மதிக்கலாகாது என்றது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யக் கோருகிறது. அவ்வரம்பை எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. எனினும் காலந்தாழ்த்தாதிருப்பதே நலம். வெளிநோயாளிச் சீட்டு, மருந்துக்கடை ரசீது, வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்துக்கான துண்டுச்சீட்டு ஆகிய எதையும் எறிந்துவிடாதீர்கள். அடிபட்டவர் முன்பு நாள்தோறும் செய்துவந்த வேலைகளை, நினைவு மங்குமுன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தொழில் என்ற கட்டம் வெறுமையாயிருக்கும் வீடுகளில் அத்தாள் இன்றியமையாதது.

தொகை வங்கிக்கு வந்த அன்று அன்னை அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தீர்ப்பின் நகலைப் படிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்ததை நாங்கள் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். "மனுதாரர் இல்லத்தரசியாகப் பணிபுரிந்து வந்தவர்" என்னும் இடத்தில் கையமர்த்தினார்.

"பணிபுரிந்துன்னா போட்டிருக்கு?"

ஆம் என்றோம். அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.