தொகைமதிப்பும் கோடிட்ட இடங்களும்

இலங்கைத் தீவின் மக்களை முதன்முதலாக முறைப்படி எண்ணிய ஆண்டு 1871. அன்று கிடைத்த தொகை ஏறக்குறைய 24 இலட்சம். பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுவதே அதன் பின்னர் வழக்கமாயிற்று. பணமுடையாலும் உலகப் போராலும் இடையில் முறை பிசகியதும் உண்டு. ஆயினும் 1981க்குப் பின்னர் 2012 வரை யாழ்ப்பாணத்தாராகிய எம்மை எவரும் முழுமையாக எண்ணவில்லை. 1991இல் நாடு எங்கணும் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அவற்றுள் ஒன்றன்று. முப்பத்தொரு ஆண்டுகள்! நாம் பிறந்ததும், ஏடு தொடக்கியதும், திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்கப் புகுந்ததும் இந்த இடைவெளிக்குள்ளேதான்.

நாம் கற்பிப்பது தமிழ். எனினும், புவியியல் ஆசிரியர் விடுமுறையில் நின்ற ஒரு தவணையில் அவருடைய வகுப்பும் எம்மிடம் வந்தது. மாவட்டத்தின் குடித்தொகையை வரைபிற் குறிக்குமாறு மாணவரைப் பணித்தோம். இன்றைய எல்லைப்படி 1981இல் ஏறக்குறைய 7 இலட்சத்து 35 ஆயிரம். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். இதே காலத்தில் தீவின் தொகை ஒரு கோடி 48 இலட்சத்திலிருந்து இரண்டு கோடி 3 இலட்சமாக வளர்ந்தது. மாணவி ஒருத்தி இரண்டு புள்ளிகளையும் இட்டு, அடிமட்டத்தை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்கோடு இழுத்துவிட்டாள். கணிதமுறைப்படி அதிலே பிழையில்லை. அந்தக் கோடு அழகாகச் சரிந்து சென்றது, மலையடிவாரத்து ஒற்றையடிப் பாதைபோல.

அந்தக் கோட்டின்மேல் எவை எவை கிடக்கின்றன என்று வகுப்பிலே பேசத் தொடங்கினோம். 1983க்குப் பின் கடல் கடந்தோர். அவர்களுள்ளும் காணி விற்றும் ஈடு வைத்தும் பயணத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர் முன்னே சென்றனர், கூலிக்குத் தோட்டம் கொத்தியவர் பின்னே நின்றனர். 1990 ஒக்ரோபர் 30ஆந் தேதி, இரண்டு மணி நேர அவகாசத்தில், விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினர். இதைச் சொன்னபோது வகுப்பிற் சிலர் தலைகுனிந்தனர். சிலர் அதுவரை கேள்விப்பட்டதேயில்லை. சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995இல் அதே ஒக்ரோபர் 30ஆந் தேதி, வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. எம்மைத் தந்தையார் தோளிற் சுமந்து சென்றாராம். மறு ஆண்டு பெரும்பகுதியினர் மீண்டனர். உண்மையான கோடு வரைந்திருந்தால் அவ்விடத்தில் ஒரு பாதாளம் விழுந்திருக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை பார்க்கும் கண்ணுக்கு ஆறுமாதப் பாதாளம் தெரியாது. நேர்கோடோ முப்பதாண்டையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

கழித்தற் கணக்கு ஒன்றும் உண்டு. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர் என்பது கச்சேரிக் கணக்கு. 2009 யூலை வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர் என்பது ஐக்கிய நாடுகளின் கணக்கு. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்கள் 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இவ்விரண்டையும் வைத்து, மிகுதி 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். அவர் இத்தனை பேரும் இறந்தனர் என்று கூறவில்லை. கணக்குத் தாருங்கள் என்றே கேட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கழித்தல் அது. விடையை விளக்கும் கடமை எண்ணியவர்களுக்கு உண்டு. அவர் 2021இல் மறைந்தார். அந்த விளக்கம் அவர் கைக்குக் கிட்டவில்லை.

எண்ணப்படாமையே துன்பம் என்று நாம் கூற வரவில்லை. மலையகத்தைப் பார்த்தால், எண்ணப்பட்டும் இழந்தோர் உளர். 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று 1946இல் தொகுதிகளை வகுத்தபோது தோட்டத் தொழிலாளரும் சேர்த்தே எண்ணப்பட்டனர். 1947இல் அவர்களுடைய இயக்கம் ஏழு ஆசனங்களை வென்றது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் வாக்கைப் பறித்தன. 1952இல் ஓர் ஆசனமும் இல்லை. தலைகள் கணக்கிலே நின்றன, கைகள் நீக்கப்பட்டன. அத்தலைகளாற் கிடைத்த ஆசனங்களிலே பிறர் அமர்ந்தனர். 1964இல் இரண்டு பிரதமர்கள் கூடி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பங்கிட்டனர். தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவோரும் இதைவிடச் சற்று யோசித்திருப்பர்.

2024இன் இறுதித் தொகைமதிப்புக்காக அலுவலர் எமது ஒழுங்கைக்கு வந்தபோது, அயல்வீட்டு ஆச்சிக்குத் துணையாக நாமும் இருந்தோம். பிள்ளைகள் எத்தனை என்ற கேள்விக்கு ஆச்சி விரல் மடக்காமலே "ஆறு" என்றார். இரண்டு பேர் கனடாவில், ஒருவர் பாரிசில், ஒருவர் கொழும்பில், ஒருவர் வீட்டில். ஆறாமவர் 2009இல் வன்னியிற் காணாமற் போனவர்.

"ஆச்சி, வழமையா இஞ்ச இருக்கிற ஆக்களைத்தான் பதியிறது," என்றார் அலுவலர், மிகவும் பணிவாக.

"தம்பி, அவன் எங்க இருக்கிறான் எண்டே எனக்குத் தெரியாது. இஞ்ச இல்லையெண்டு நான் எப்பிடி மோனை சொல்லுறது?"

அலுவலர் சற்று நேரம் ஒன்றும் பதியவில்லை. பிறகு வீட்டின் கூரை ஓடா, கிணறு வளவுக்குள்ளேயா என்று கேட்டார். (கிணற்றில் எவரெவர் அள்ளலாம் என்று தொகைமதிப்பு கேட்பதில்லை. சாதியை அது கேட்பதில்லை, ஊர்தான் கேட்கிறது.)

பாராளுமன்ற ஆசனங்கள் தொகைமதிப்பைக் கொண்டல்ல, வாக்காளர் இடாப்பைக் கொண்டே இன்று பங்கிடப்படுகின்றன. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. இதற்காகத் துக்கம் கொண்டாடும் நண்பர் சிலர், அதிக பிள்ளை பெறுக என்று பெண்களுக்கு உபதேசம் செய்யப் புறப்பட்டிருக்கின்றனர். வேலையும் நிலமும் நியாயமும் இல்லாத இடத்தில் தொட்டிலை மட்டும் எண்ணுவோரிடம் எமக்குச் சிறிதும் மதிப்பில்லை.

இவ்வாண்டு எமது பாடசாலையில் ஆறாம் வகுப்பு ஒரு பிரிவாகச் சுருங்கியது. மூடிய பிரிவின் வரவுப் பதிவேட்டை அதிபர் எம்மிடம் தந்து, பின்பக்கத் தாள்கள் வெறுமையாக உள்ளன, கட்டுரைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்றார்.