விளக்குக்கு வராதவள்

இங்கிலாந்தின் ஓக் காடுகளில் இலையுதிர்காலத்தில் பறக்கும் அந்துப்பூச்சி ஒன்றின் பெயர் மாட்டில்ட் அம்பர். அறிவியல் பெயர் எரானிஸ் டெஃபோலியாரியா. பெரும்பாலான பூச்சிகள் அடங்கிவிட்ட அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது வெளிவரும். வைக்கோல் நிற முன்சிறகு, குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டை, ஒரு கரும்புள்ளி. பட்டையில்லாமல் முழுக்கப் பழுப்பாக இருப்பதும் உண்டு.

இந்த அடையாளமெல்லாம் ஆணுக்குத்தான். பெண்ணுக்குச் சிறகே கிடையாது.

பூச்சி ஆர்வலர்கள் இரவில் விளக்கு வைத்து, அதைத் தேடி வருபவற்றை எண்ணுவார்கள். பறக்க முடியாத பெண் அங்கே வராது. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்து வெளிவந்ததும், இருட்டில் அடிமரத்தில் நடந்தே ஏறும். அதன் வாசனையைப் பிடித்து ஆண் வந்து சேரும். பிறகு பட்டை இடுக்குகளில் முட்டையிடும். இப்படி நடந்தே ஏறும் பெண்பூச்சிகளின் வழி பழத்தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். இலையுதிர்காலத்தில் மரத்தைச் சுற்றிப் பசைப் பட்டை கட்டி அவற்றைப் பிடிப்பது அவர்கள் வழக்கம்.

அங்கே படித்துக்கொண்டிருந்தபோது அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். "இருட்டினப்புறம் காட்டுக்கா? கூட யாரு வர்றா?" என்றாள் அம்மா, தொலைபேசியில். அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. தோழிகளாக மூன்று பேர் டார்ச்சோடு போனோம். மரம் மரமாகப் பார்த்து வந்ததில், ஓர் ஓக் மரத்தில் இடுப்பு உயரத்தில் இருந்தது. வெளிர்மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள். சிலந்தி என்றே தோன்றும்; கால்களை எண்ணினால் ஆறு. இதே பருவத்தில் வரும் வின்டர் மாத் பெண்ணுக்குக் குட்டையான சிறகுத் துண்டாவது இருக்கும். இதற்கு அதுவும் இல்லை.

"பாவம்" என்றாள் ஒருத்தி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறகுக்கும் பறக்கும் தசைக்கும் போக வேண்டிய சத்து முட்டைக்குப் போகிறது. அதைத் தியாகம் என்று கொண்டாடவும் வேண்டாம். குளிர்காலத்தில் பிழைக்க அந்த உடல் போட்ட கணக்கு அது. வசந்தத்தில் பொரியும் புழுக்கள் பட்டிழையில் தொங்கிக் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

ஊருக்குத் திரும்பிய பின், இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு "பெண்களுக்கு ஆர்வமில்லை" என்று யாராவது சொன்னால், அந்த விளக்குதான் நினைவுக்கு வருகிறது. வந்தவர்களை எண்ணியாயிற்று. வர முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்கு யார் போய்ப் பார்த்தார்கள்?