ஒரு சட்டிக் குழம்புக்கு எத்தனை மீன்?

உங்கள் வீட்டில் ஒரு வேளைக் குழம்புக்கு எத்தனை மீன் தேவைப்படும்? ஐந்து பேர் உள்ள குடும்பம் என்றால் கையகல மீன் ஐந்தோ ஆறோ போதும். இதைக் கேட்க ஒரு வாத்தியார் வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்க வேண்டிய நிலை எனக்கு வந்தது.

பேராக் மாநிலத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துப் பள்ளிக்கே ஆறு ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகி வந்தேன். அன்று பால்மரமாக இருந்த இடமெல்லாம் இன்று செம்பனை. ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் எடுக்க வெட்டிய குளம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வாளியோடு என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"சார், நாப்பத்து மூணு!" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

எட்டிப் பார்த்தேன். நாற்பத்து மூன்றும் திலாப்பியாக் குஞ்சுகள். என் நடுவிரலை விட நீளமானது ஒன்றுகூட இல்லை.

"இதை வெச்சு அம்மா என்னப்பா சமைப்பாங்க?"

"இதெல்லாம் முள்ளு சார். பூனைக்குத்தான் போடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் போன பிறகு நெஞ்சில் ஏதோ உறுத்தியது. அந்தக் குளம் ஒரு காலத்தில் எங்கள் லயத்துக்கே குழம்பு வைத்த குளம் அல்லவா?

1990-ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. அம்மாவுக்குத் தங்கை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பாட்டி என்னை அழைத்து, "ஐயா ராசா, குளத்துல ஒரு விரால் புடிச்சிக்கிட்டு வாய்யா. பெத்த உடம்புக்குப் புண்ணு ஆறணும்" என்றார். விராலை மலாய்க்காரர்கள் ஹருவான் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் அதைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உண்டு.

குளத்தோரத்தில் தண்ணீர் சிவந்து கொதிப்பதுபோல் ஓரிடம் தெரிந்தது. விரால் குஞ்சுகள்! நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகத் திரண்டு மேலே வந்து மூச்செடுத்துக்கொண்டிருந்தன. அடியில் பெரிய மீன் காவல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிறு தவளையைத் தூண்டிலில் கோத்து, அந்தச் சிவப்பின் மேல் இழுத்தேன். படாரென்று ஒரே அடி! பசியால் அது கடிக்கவில்லை. தன் குஞ்சுகளுக்கு ஆபத்து என்று நினைத்துத்தான் பாய்ந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

அம்மா ரசம் குடித்தார். பாட்டி என்னைத் தலையில் தடவிக் கொடுத்தார். மறுநாள் மாலை குளத்துக்குப் போனேன். அந்தச் சிவப்புப் பந்து பாதியாகச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் மற்ற மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றுகொண்டிருந்தன. மூன்றாம் நாள் அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது. ஒரு தாய்க்காக இன்னொரு குடும்பத்தையே அழித்துவிட்டோமே என்ற எண்ணம் அந்த வயதிலும் என்னைத் தூங்கவிடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இன்று உங்களிடம்தான் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு அதே தங்கை பட்டணத்து மருத்துவமனையில் அறுவை செய்து பிள்ளை பெற்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா என்னிடம், "நம்ம குளத்துல இல்லாத விராலா தம்பி?" என்றார். மூன்று மாலைகள் உட்கார்ந்தேன். விரல் நீளத் திலாப்பியாதான் மாறி மாறிக் கடித்தது. கடைசியில் சந்தையில் வளர்ப்பு விரால் வாங்கி வந்தேன். அம்மா மீனைப் பார்த்தார், விலையைக் கேட்டார், பேசாமல் உள்ளே போய்விட்டார்.

விரால் குறைந்ததற்கும் திலாப்பியா குறுகிப் போனதற்கும் தொடர்பு உண்டு, வாசகர்களே. திலாப்பியா நம் நாட்டுக்குச் சொந்தமானது அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்தது. அதனால்தான் பாட்டி அதை 'ஜப்பான் மீன்' என்பார். பிறந்து சில மாதங்களிலேயே அது முட்டையிடத் தொடங்கிவிடும். தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும். ஆகவே வெகு வேகமாகப் பெருகும். பெருகினால் நல்லதுதானே என்கிறீர்களா? குளம் ஒன்று, அதிலுள்ள இரையும் ஓர் அளவு. பத்துப் பிள்ளைகளுக்கு வடித்த சோற்றை நூறு பேருக்குப் பங்கிட்டால் எந்தப் பிள்ளை தேறும்? மீன்கள் வளராமல் விரல் அளவிலேயே நின்று, அந்த அளவிலேயே மறுபடி முட்டையிடுகின்றன.

அந்தக் கூட்டத்தைக் குறைத்து வைப்பது விரால்தான். அது குஞ்சுகளைத் தின்னும். மிஞ்சியவை இரை கிடைத்துக் கையகலம் வளரும். திலாப்பியாக் குளத்தில் வேண்டுமென்றே சில விரால்களை விட்டு வளர்ப்பதும் இதற்காகத்தான். நாமோ விராலை ஒன்று விடாமல் பிடித்தோம். காவல் இருந்ததையும் விடவில்லை. போதாக்குறைக்கு வெளியாட்கள் சிலர் இரவில் பேட்டரி கொண்டுவந்து மின்சாரம் பாய்ச்சினார்கள். மின்சாரத்துக்குப் பெரியது சிறியது தெரியுமா? தூபா வேரை இடித்துக் கலக்கினாலும் அதே கதைதான். வேண்டிய மீனும் சாகும், வேண்டாத குஞ்சும் சாகும். மின்சாரம், விஷம், வெடி வைத்து மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். குலை வெட்டும் ஒருவர் எழுந்தார். "வாத்தியாரே, நாம விட்டா அடுத்தவன் புடிச்சிக்கிட்டுப் போவான். சந்தையில மீன் விக்கிற விலைக்கு, சும்மா கெடைக்கிறதுக்கும் கணக்கா?" என்றார். நியாயமான கேள்விதான். அவர் வீட்டில் நான்கு பிள்ளைகள். நான் உடனே பதில் சொல்லவில்லை. "அண்ணே, போன வருசம் நீங்க புடிச்ச மீன்ல குழம்புக்கு ஆனது எத்தனை?" என்று மட்டும் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு உட்கார்ந்தார். சும்மா கிடைத்த காலம் போய்விட்டது என்பது அவருக்கும் தெரியும்.

சபா மாநிலத்து மக்கள் இதில் நமக்கு வழிகாட்டிகள். அங்கே கடசான்டூசுன் மக்களிடம் 'தாகால்' என்றொரு பழைய வழக்கம் உண்டு. தடை என்பது அதன் பொருள். கிராமத்தாரே கூடி ஆற்றைப் பகுதி பிரிப்பார்கள். சிவப்புப் பகுதியில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. மஞ்சள் பகுதியில் ஆண்டுக்கு ஓரிரு முறை ஊரார் கூடிப் பிடித்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். பெனாம்பாங் வட்டாரத்தின் பாபாகோன் ஆற்றில் இப்படி மீன்கள் பெருகின. 2003-இல் சபா அரசு கொண்டுவந்த நன்னீர் மீன்வளச் சட்டம் இந்த வழக்கத்துக்குத் துணை நின்றது. அங்கே ஒவ்வொரு நாளும் அதிகாரி வந்து காவல் நிற்பதில்லை. ஊர்தான் காவல்.

அந்தக் கூட்டத்தில் நாங்களும் நான்கு விதிகள் வைத்துக்கொண்டோம். ஒன்று, குஞ்சுகளோடு இருக்கும் விராலைத் தொடுவதில்லை. இரண்டு, ஒன்றரைச் சாணுக்குக் குறைந்த விராலைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது. அது ஒரு முறையாவது குஞ்சு பொரிக்கட்டும். மூன்று, பெரிய விரால் கிடைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். பனையேறிக் கெண்டை உள்ளங்கை அளவில் ஐந்து. நான்கு, திலாப்பியாவுக்குக் கணக்கே இல்லை. எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம். சிறியதைக் கருவாடாக்கலாம், கோழிக்கும் போடலாம். கட்டுப்பாடு என்றால் எல்லாவற்றையும் தடுப்பதல்ல. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொள்வதுதான்.

குளம் ஒரே ஆண்டில் திருந்திவிட்டது என்று கதை விட மாட்டேன். மருந்தடித்த தண்ணீர் மழையில் வந்து கலக்கிறது. ஆளில்லாத நேரத்தில் வலை போடுகிறவரும் இருக்கிறார். ஆனாலும் சென்ற மாதம் அந்த வாளிக்காரப் பையன் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான்.

"சார், சீக்கிரம் வாங்க! கத்தாதீங்க!"

கோரைப்புல் ஓரத்தில் தண்ணீர் சிவந்து துடித்துக்கொண்டிருந்தது. அவன் கையில் தூண்டில் இருந்தது, தவளையும் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவன் தவளையைப் புல்லில் விட்டுவிட்டு, "அடியில அம்மா இருக்கும் சார்" என்றான். "அப்பாவும் இருக்கும்" என்றேன் நான்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எனக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. உங்கள் தோட்டத்துக் குளத்தங்கரையிலும் தூண்டிலோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் போய் உட்காருங்கள். எத்தனை பிடித்தாய் என்று கேட்காதீர்கள். குழம்புக்கு எத்தனை வேண்டும் என்று கேளுங்கள்.